பொம்மைத் தெருவில் ஒரு குண்டூசித் துளை

கண்ணு, "நலம், நலமறிய ஆவல்" என்றெல்லாம் நான் ஆரம்பிக்கப் போவதில்லை. நீ உள்ளறையில் உட்கார்ந்து அட்டைப்பெட்டிக்குள் பழைய துணி அடைத்துக்கொண்டிருக்கிறாய். நீ இருமுவது எனக்கு இங்கே கேட்கிறது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு மகளுக்குக் கடிதம் எழுதுகிற கிறுக்கன் ஆரணியிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். வாயால் சொல்லிவிடலாம் என்று மூன்று நாளாக முயன்று பார்த்தேன். ஒவ்வொரு முறையும் உன் எதிரில் வந்து நின்று, "டீ குடிக்கிறியா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிட்டேன். இந்த மூன்று நாளில் நீ குடித்த டீ அத்தனைக்கும் காரணம் என் பயந்தான். ஞாயிற்றுக்கிழமை நீ சென்னைக்குக் கிளம்புகிறாய். கட்டடங்களுக்குச் சின்ன அளவில் மாதிரி செய்து தருகிற கம்பெனியில் வேலை. அதில் சேருவதற்கு முன், நீ கட்டியிருக்கும் பொம்மைத் தெருவை அங்கே ஒரு மண்டபத்தில் நடக்கிற கண்காட்சியில் வைக்கப் போகிறாய். இந்தக் கடிதத்தை மடித்துப் பைக்குள் போட்டுக்கொள்ளாதே. அந்தத் தெருவுக்குப் பக்கத்திலேயே பிரித்து வை. வருகிறவர்கள் எல்லாரும் படிக்கட்டும். ஏன் என்று போகப்போகச் சொல்கிறேன்.

முதலில் உன்னைப் பாராட்டிவிடுகிறேன். உன் எதிரில் நான் ஒருநாளும் இதைச் செய்ததில்லை. தெருவில் நாலு பேரிடம் பீற்றிக்கொண்டதோடு சரி. மண்டபத்துக்கு வருகிறவர்களுக்காகச் சொல்கிறேன்: என் மகள் தீயணைப்பு வண்டிப் பொம்மைகளை வைத்துக் காட்சி கட்டுகிறவள். ஐம்பதில் ஒரு பங்கு அளவு. ஆள் கட்டைவிரலில் பாதி உயரம், வண்டி முக்கால் சாண் நீளம். கடையில் வாங்குகிற வண்டி வெளிநாட்டு வண்டி மாதிரி மினுக்கிக்கொண்டு வரும். அதைப் பிரித்து, நம் ஊர் சிவப்புக்கு வண்ணம் மாற்றி, பக்கவாட்டில் தமிழில் எழுதி, சக்கரத்தில் சேறு பூசி, ஒரு கண்ணாடியில் விரிசல்கூட விடுவாய். ரோட்டுக்கு உப்புத்தாள். மின்கம்பத்துக்கு ஊதுபத்திக் குச்சி, கம்பிக்குக் கறுப்புப் பட்டு இழை. தண்ணீர்க் குழாய்க்கு விளக்குத் திரி. புகைக்குக் கரித்தூள் தடவிய பஞ்சு. பீய்ச்சுகிற தண்ணீருக்குச் சூடான பசையை நூலாக இழுப்பாய். நனைந்த ரோட்டுக்கு உன் அம்மாவின் நகப்பூச்சு; அதற்காக நீ வாங்கிய திட்டு தனிக் கணக்கு. நெருப்பை மட்டும் நம் வீட்டுத் தறியிலிருந்தே எடுத்தாய். அரக்கு, ஆரஞ்சு, மாம்பழ மஞ்சள் என்று மிஞ்சிய பட்டு நூலைச் சீவி நிறுத்தி, அடியில் குட்டி பல்பு வைத்து மினுக்க விட்டாய். முப்பது வருடமாகப் பட்டைத் தொடுகிற நான், அதை முதல் தடவை பார்த்தபோது சுட்டுவிடும் என்று கையை இழுத்துக்கொண்டேன்.

நீ எட்டாவது படித்த வருடத்து நவராத்திரியை நினைத்தால் எனக்கு இன்னும் சிரிப்பு வருகிறது. எல்லார் வீட்டுக் கொலுவிலும் கீழே பார்க் வைப்பார்கள், குளம் வைப்பார்கள். நீ மாடியில் தீப்பிடித்த ஒரு வீட்டை வைத்தாய். ஏணி நீட்டிய வண்டி, ஏணியில் ஒரு ஆள், கீழே போர்வை பிடித்தபடி நாலு பேர். உன் அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். "அடியே, அம்மனுக்கு எதிர்க்க வூடு எரிஞ்சிகினு இருக்குதே, வர்றவங்க இன்னா சொல்வாங்க?" நீ அசரவில்லை. "எரியலம்மா, அணைச்சிகினு இருக்காங்க. நல்லா பாரு." சுண்டல் வாங்க வந்த பெண்கள் சரஸ்வதியை விட்டுவிட்டு உன் வண்டியைச் சுற்றி நின்றார்கள். நான் மட்டும் தறிக்குழிக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டு, "தறி இருக்கற வூட்ல நெருப்பு வண்டி எதுக்கு, அபசகுனம்" என்று கத்தினேன். கொலு முடிந்ததும் அந்த வண்டியை எடுத்துப் பரண்மேல் மூட்டைக்குப் பின்னால் தள்ளிவைத்தவனும் நான்தான். எலி இழுத்துக்கொண்டு போயிருக்கும் என்று உன்னிடம் சொன்னேன். இரும்பு வண்டியை எலி இழுக்குமா என்று நீ கேட்கவில்லை. இரண்டாம் நாள் ஏணி போட்டு நீயே எடுத்துக்கொண்டாய்.

அபசகுனம் என்று நான் சொன்னது பொய். அந்த வண்டியைப் பார்க்க என்னால் முடியவில்லை, அவ்வளவுதான். அதற்கு முந்தின வருடம் ஆடித் திருவிழாவுக்குப் படவேடு போயிருந்தோமே, ஞாபகம் இருக்கிறதா? கூட்டமெல்லாம் அம்மனைப் பார்க்க முண்டிக்கொண்டிருக்க, நீ ஓரமாய் நின்ற தீயணைப்பு வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து, எத்தனை கதவு, எத்தனை குழாய் என்று எண்ணிக்கொண்டிருந்தாய். வண்டியில் இருந்தவர் சிரித்துக்கொண்டே உன்னைப் படியில் ஏற்றிவிட்டார். நீ அவரைக் கேட்டாய்: "சார், கூப்ட்டா வண்டி நேரத்துக்கு வந்துடுமா?" அவர் சொன்னார்: "நாங்க வந்துடுவோம் பாப்பா. வழி வுட்டா போதும்." நீ திரும்பி என்னைப் பார்த்தாய். நான் கோபுரத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

இப்போது அந்தக் காலைக்கு வருகிறேன். நீ ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தாய். நம் தொழில் தெரியாதவர்களுக்காக ஒன்று சொல்லிவிட வேண்டும். பாவு என்றால் சேலையின் நீளவாக்கு இழைகள், ஆயிரக்கணக்கில். தறியில் ஏற்றுவதற்கு முன் விடியற்காலையில் அதைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, அறுந்ததைப் பிணைத்து, சிக்கெடுத்து, பிறகு சுருட்டுவோம். அன்று நான் கட்டியிருந்தது கூரைப்புடவைக்கான பாவு, தாலி கட்டும்போது பெண் உடுத்துகிற சேலைக்கு. அதில் கத்தி படக் கூடாது என்பது நம் வீட்டில் கண்டிப்பு. நெய்து முடித்துத் தறியிலிருந்து எடுக்கும்போதுகூட "அறுத்தாச்சு" என்று சொல்ல மாட்டோம், "இறக்கியாச்சு" என்போம். அப்படி ஒரு வீட்டில் பிறந்து, அப்படியே பேசிப் பழகியவன் நான்.

விடிந்து கொஞ்ச நேரம் இருக்கும். தெரு வளைகிற இடத்தில் இருக்கும் ஏகாம்பரம் மாமா வீட்டிலிருந்து புகை வந்தது. மின்கசிவு. நமக்கும் அவருக்கும் நடுவே ஆறு வீடு. தெருவில் இருந்தவர்கள் எல்லாரும் குடத்தைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் ஓடிவிட்டார்கள். தெரு முனையில் நானும் உன் அம்மாவும், வாசலில் நீயும். ஒரு பக்கம் மட்டும் பின்னிய சடையோடு நின்றிருந்தாய். யாரோ போன் செய்து, வண்டி சீக்கிரமே வந்துவிட்டது. இதை நான் அடிக்கோடு போட்டு எழுதுகிறேன்: வண்டி சீக்கிரமே வந்துவிட்டது. ஆனால் உள்ளே வர முடியவில்லை. நடுத்தெருவில் என் பாவு.

"அண்ணே, அத அறுத்து வுடுங்க! வண்டி உள்ள போவணும்!" என்று வண்டியிலிருந்து ஒருவர் கத்தினார்.

"சார், கூரைப்புடவ பாவு சார், அறுக்கக் கூடாது. ஒரு நிமிஷம். ஜல்தியா சுருட்டிடறேன்."

சொல்லிவிட்டு இரண்டு கையையும் விரித்து வண்டிக்கு முன்னால் நின்றேன். ஒருவர் கத்தியோடு இறங்கினார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். குழாயை மட்டும் இழுத்துக்கொண்டு இரண்டு பேர் ஓடிப் பார்த்தார்கள், வளைவு வரைக்கும்கூட நீளம் போதவில்லை. அந்த முனையில் உன் அம்மா, இந்த முனையில் நான், சுருட்ட ஆரம்பித்தோம். பாவு சுருட்டுவதில் அவசரம் கூடாது. இழுவை ஒரே சீராக இருக்க வேண்டும். அன்றும் ஒழுங்காகத்தான் சுருட்டினேன். ஓர் இழைகூடச் சிக்கவில்லை. என் தொழிலில் அவ்வளவு கச்சிதமாக நான் செய்த வேலை குறைவு, அதை நினைத்தால்தான் எனக்கு என்மேலேயே ஆத்திரம் வருகிறது. அதற்குள் மாமா, தண்ணீர் வருகிற வழியாக இல்லையே என்று, தறியில் பாதி நெய்திருந்த சேலையை எடுக்க உள்ளே போய்விட்டார். எரிந்த உத்தரக்கட்டை கைமேல் விழுந்தது. உயிர் தப்பியது. வலது கை விரல்கள் மடங்கியது மடங்கியதுதான். அதன் பிறகு அவர் தறியில் உட்காரவில்லை. இப்போது ஒரு பட்டுக்கடை வாசலில் நின்று, போகிறவர் வருகிறவரை உள்ளே கூப்பிடுகிறார்.

ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு அவர் என்னிடம் சொன்னார்: "வண்டி மட்டும் ஜல்தியா வந்திருந்தா நான் உள்ள போயிருக்க மாட்டேன்பா." நான் சொன்னேன்: "ஆமாம்பா." அந்த ஒரு வார்த்தையைத்தான் பதினான்கு வருடமாகச் சுமந்துகொண்டிருக்கிறேன். பதில் சொல்ல விடாமல் ஊரே வண்டிக்காரர்களைத் திட்டியது. நானும் கூட்டத்தில் நின்று தலையாட்டினேன். உன் அம்மாவும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அவர்கள் யார், இப்போது எந்த ஊரில் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் முதல் கடிதம் அவர்களுக்குத்தான் எழுதியிருப்பேன். அது முடியாததால்தான் இதை மண்டபத்தில் எல்லாரும் படிக்கட்டும் என்கிறேன். உன்னிடம் நான் வாயைத் திறந்து "சொல்லாதே" என்று சொல்லவில்லை. ஆனால் அன்று சாயங்காலம், நீ கேட்காமலே பரோட்டா வாங்கிக்கொண்டு வந்து உன் முன்னால் வைத்தேன். நீ சாப்பிட்டாய். சாப்பிட்டு முடிக்கிற வரை என் முகத்தைப் பார்க்கவில்லை.

பிறகு நீ பொம்மை வண்டி வாங்க ஆரம்பித்தாய். கட்டிய காட்சிகளை ஒவ்வொன்றாக மனசில் ஓட்டிப் பார்க்கிறேன். பெரணமல்லூர் பக்கம் நாம் பார்த்த வைக்கோல்போர்த் தீ. மார்க்கெட் கடை. கிணற்றில் விழுந்த மாட்டைத் தூக்குவது ஒன்று. அதில் மாட்டின் முகத்தில் என்ன ஒரு சலிப்பு வைத்திருந்தாய்! எல்லாவற்றிலும் வண்டி வந்து சேர்ந்திருக்கும், தண்ணீர் பாய்ந்துகொண்டிருக்கும். உன் வண்டி ஒருநாளும் தாமதமாக வந்ததில்லை. இன்னொன்றும் சமீபத்தில்தான் என் மண்டையில் உறைத்தது. நீ யாரிடமும் "ஒரு நிமிஷம்" என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. அம்மா சாப்பிடக் கூப்பிட்டால், "நாலு நிமிஷம் ஆவும்மா, பசை காயணும்" என்பாய். சரியாக நாலு நிமிஷத்தில் வந்து உட்காருவாய். மற்ற வீட்டுப் பிள்ளைகள் மாதிரி இல்லையே, என்ன ஒழுங்கு என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். அது எங்கிருந்து வந்தது என்று யோசிக்கவில்லை.

போன தை மாதம் நீ நம் தெருவையே கட்டப் போகிறேன் என்று டேப்பை எடுத்துக்கொண்டு இறங்கினாய். காலை ஆறு மணிக்கு ஒரு பெண் தெருவை அளந்து நோட்டில் எழுதினால் ஜனங்கள் என்ன நினைப்பார்கள்? நகராட்சி ஆக்கிரமிப்பு அளக்கிறது என்று பரவிவிட்டது. எதிர்வீட்டுக்காரர் உன்னிடம் வந்து குழைந்தார்: "இன்னா பாப்பா, எவ்ளோ வருது? ரெண்டடி உள்ள தள்ளிக்கட்டா?" "மாமா, நான் பொம்மைக்கு அளக்கறேன்." "அதெல்லாம் நமக்குள்ள எதுக்கு பாப்பா, பேஜார் பண்ணாத, நெஜத்த சொல்லு." மறுநாள் வாசல் கல்லைப் பெயர்த்து உள்ளே வைத்துவிட்டார். நீ அதைப் பார்த்துவிட்டு, பொம்மையிலும் அந்தக் கல்லை எடுத்துவிட்டாய். அன்றைக்கு இருந்ததா என்று அம்மாவிடம் கேட்டு, திரும்ப ஒட்டினாய். அளவில் நீ பொய் சொல்ல மாட்டாய். வண்டி அகலம் எட்டடி, தெரு முனை பத்தடி என்று நீ சொன்னபோது நான் தலையாட்டிக்கொண்டே நகர்ந்துவிட்டேன்.

போன வாரம் அந்தத் தெரு முடிந்தது. நீ குளிக்கப் போயிருந்தபோது குனிந்து பார்த்தேன். என்ன வேலை கண்ணு அது! நம் வீட்டு வாசலில் என் சைக்கிள், அதில் கழன்ற செயின் கவர் உட்பட. மாமா வீட்டுக்குள் எட்டிப் பார்த்தால் இரண்டு தறி, ஒன்றில் அரை முழம் சேலை. புகை கிளம்பி வளைவில் திரும்புகிறது. தெரு நடுவே பாவு. வாசலில் ஒரு பக்கம் மட்டும் சடை பின்னிய சின்னப் பெண். முனையில் வண்டி, முதல் தடவையாக நின்றுபோன வண்டி. அதற்கு முன்னால் யாரும் இல்லை. வெறும் ரோடு. நம் வீட்டு மின்கம்பத்துக்கு நேரே, உப்புத்தாளில் ஒரு குண்டூசித் துளை. உன் ஆட்களுக்கெல்லாம் காலில் கம்பி வைத்து இப்படித் துளையில்தான் நிறுத்துவாய் என்று எனக்குத் தெரியும். நீ தலை துவட்டிக்கொண்டு வந்தபோது, "இது இன்னாம்மா துள?" என்றேன். நீ கொஞ்சம் தடுமாறி, "நாய் ஒண்ணு வெக்கலாம்னு இருக்கேன்பா. தெருன்னா நாய் வேணும்ல," என்றாய். நானும், "ஆமாமா, நாய் வேணும்," என்றேன். எனக்கும் அங்கே நாய் போதும் என்று ஒரு நிமிஷம் தோன்றியது உண்மை.

மறுநாள், நீ டிக்கெட் எடுக்கப் போயிருந்த நேரத்தில், மாமாவை வீட்டுக்குக் கூப்பிட்டு அந்தத் தெருவைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். "என் தறி ரெண்டும் இருக்குதே. பாப்பா மறக்கல," என்றார். நான் சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் கேட்டது ஒன்றுதான்: "எவ்ளோ நேரம் நின்னுச்சு வண்டி?" "ஒரு நிமிஷம்னு சொன்னேன். ஆறு, ஏழு ஆயிருக்கும்." அவர் டீயை இடது கையால் கீழே வைத்தார். "உள்ள போறதுக்கு முன்னாடி தெருவ பார்த்துகினுதான் நின்னேன். ரொம்ப நேரம் பார்த்துகினு இருந்தேன்," என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். நாலு நாளாக நம் வீட்டுப் பக்கம் வரவில்லை. "மாமா எங்கப்பா காணோம்?" என்று நீ கேட்டதற்கு "வேலையா இருப்பார்" என்றேனே, அதையும் பொய்க் கணக்கில் சேர்த்துக்கொள். அவர் திரும்ப வருவாரா என்று எனக்குத் தெரியாது. வராவிட்டால் அது அவர் இஷ்டம். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் மட்டும் எழுந்து எட்டிப் பார்க்கிறேன்.

ஊருக்குப் போகிற பிள்ளைக்குப் புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். நேரத்துக்குச் சாப்பிடு, பசை நாற்றத்தோடு ஜன்னலை மூடிக்கொண்டு தூங்காதே, மற்றதெல்லாம் உன் அம்மா போனில் தினமும் சொல்லுவாள். நான் சொல்வது இது ஒன்றுதான்: நீ போக வேண்டிய இடத்துக்கு முன்னால் யாராவது கை விரித்து நின்றால், அது அப்பா வயசு ஆளாக இருந்தாலும், அப்பாவாகவே இருந்தாலும், தள்ளிவிட்டுப் போ. பத்து வயசில் உனக்கு அதைச் சொல்லித்தர ஆள் இல்லை. வண்டிகளை வைத்து நீயே கற்றுக்கொண்டாய். என்னைக் காட்டிக்கொடுக்கவும் மனசில்லாமல், மறக்கவும் முடியாமல், பதினான்கு வருடம் அந்தச் சின்னக் கையால் அடுத்தவர் வீட்டு நெருப்பையெல்லாம் அணைத்துக்கொண்டிருந்தாய். உன்னை மாதிரி ஒருத்தி என் வீட்டில் பிறந்ததற்கு நான் என்ன செய்தேன் என்று யோசிக்கிறேன், ஒன்றும் பிடிபடவில்லை.

இந்தக் கடிதத்தோடு ஒரு பொட்டலம் இருக்கிறது. அதற்குள் இருப்பது அன்று நான் சுருட்டிய அதே பாவின் நூல். அந்தச் சேலையை நெய்து இறக்கியபோது தறியில் கடைசியாக மிஞ்சியது. எறிய மனசில்லை, வைத்துக்கொள்ளவும் பிடிக்கவில்லை. பொம்மைத் தெருவில் இப்போது கட்டியிருக்கிற பாவை எடுத்துவிட்டு இதைக் கட்டு. அளவுக்கு வெட்ட வேண்டியிருக்கும். தாராளமாகக் கத்திரியை எடுத்து அறு. நானே எழுதுகிறேன்: அறு.

அப்புறம் அந்த ஆள். பச்சைக் கட்டம் போட்ட லுங்கி, முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டியது. தலையில் துண்டு. அப்போது தொப்பை இல்லை. நீ வைத்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. இரண்டு கையையும் நன்றாக விரித்து வை. முகத்தைப் புகை மறைக்காமல் பார்த்துக்கொள். பெட்டியைக் கட்டுவதற்கு முன் இன்னும் இரண்டு நாள் இருக்கிறது, பசை காய நாலு நிமிஷம் போதும் என்று நீதான் சொல்லியிருக்கிறாய்.

நாயை வைக்காதே, கண்ணு. அந்தத் துளையில் என்னை நிறுத்து.

அப்பா